நான் படிக்காத கல்லூரியின் கூடைப்பந்துச் சரித்திரம்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் சரித்திரத்தில் என்னை மடக்க டெக்சாஸில் ஒரு தமிழன் இன்னும் பிறக்கவில்லை.

பொய். எங்கள் பேர்லேண்டில் மட்டும் ஏழெட்டுப் பேர் பிறந்து, வளர்ந்து, வீடு வாங்கி, புல் வெட்டிக்கொண்டு இருக்கிறார்கள். போதாததற்கு என் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள். என் மகள் ஷைனி. வயது பதினைந்து.

கல்லூரி என்ற இடத்துக்குள் நான் போனது வாழ்க்கையில் இரண்டே தடவை. முதல் தடவை, தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரி விடுதிக்கு முட்டை இறக்க. இரண்டாவது தடவை, இறக்கிய முட்டையில் பாதி அழுகல் என்று வார்டனிடம் திட்டு வாங்க.

அப்படிப்பட்ட நான், போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், டாக்டர் பொன்ராஜ் வீட்டு சோபாவில், ஒரு கல்லூரியின் பழைய மாணவனாக உட்கார்ந்திருந்தேன். மடியில் பேப்பர் தட்டு. தட்டில் பாதி தின்ற மட்டன் சாப்ஸ். டிவியில் ஆட்டத்துக்கு இடைவேளை. சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள்.

டாக்டர் கையில் ஒரு அட்டை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அட்டையைப் படித்து, பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தோணி, இது உங்க காலேஜ் கேள்வி. நீங்கதான் சொல்லணும். உங்க சீனியர் செல்வம் வாயத் திறந்தா கேள்வி கேன்சல்."

சாப்ஸ் எலும்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்தேன். அது என் மனைவி துவைத்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை. அதற்கு வாங்கிய திட்டைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியில் தனியாக ஒரு வாரம் எழுதலாம்.

கேள்வியைச் சொல்வதற்கு முன், இந்த இடத்துக்கு எப்படி வந்து மாட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் பாதிரியாரின் காரை நான் சுவரில் இடித்த கதையைப் படித்துவிட்டு, "எல்லாம் பாதியில் தொடங்குகிறீர்கள், தலைசுற்றுகிறது" என்று ஒரு அம்மா கடிதம் எழுதியிருந்தார். அம்மா, எனக்கும் அப்படித்தான் சுற்றியது.

மஞ்சள் கொக்கு

என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அமெரிக்கா கூப்பிட்டது அவளை. நான் அவளுடைய லக்கேஜ். முதலில் நியூ ஜெர்சியில் இருந்தோம். அங்கே குளிர் எலும்புக்குள் போய் பாய் விரித்துப் படுக்கும். நான் தூத்துக்குடியிலிருந்து கொண்டுபோன ஸ்வெட்டரைப் பார்த்து சர்ச்சில் ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய துணி விற்கிற மேசைக்கு என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

அங்கே கிடைத்ததுதான் அந்த மஞ்சள் குளிர்ச் சட்டை. தலைக்குத் தொப்பி வைத்தது. நெஞ்சில் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு கொக்கு. சுற்றிலும் ஏதோ ஆங்கில எழுத்து. நான் கொக்கை மட்டும்தான் பார்த்தேன்.

அது வடக்கே சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்னக் கல்லூரியின் சட்டை. நிஜப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் "நீ யார்?" என்று கேட்டு ஆள் அனுப்புவார்கள். கொக்கு காலேஜ் என்றே வைத்துக்கொள்வோம்.

அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் எப்போதாவது ஒரு வெள்ளைக்காரர் என்னைப் பார்த்து ஒரு கையைத் தூக்கி, மணிக்கட்டைக் கொக்கின் கழுத்து மாதிரி வளைத்துக் காட்டுவார். பாவம், சுளுக்கு என்று நினைத்தேன். நானும் மரியாதைக்கு அதே மாதிரி வளைத்துக் காட்டுவேன். அவர் பூரித்துப் போவார். ஸ்டெல்லாவிடம் சொன்னபோது, "இந்த ஊர்ல நிறையப் பேருக்கு மணிக்கட்டு வலி வருது" என்று மருத்துவ விளக்கம் கொடுத்தாள்.

பிறகு ஸ்டெல்லாவுக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்து பேர்லேண்டுக்கு வந்தோம். வீடு பெரிது. தெரு சுத்தம். தெருவில் மனிதர்கள் கிடையாது, கார்கள்தான். ஸ்டெல்லா வேலைக்குப் போய்விடுவாள், ஷைனி பள்ளிக்குப் போய்விடுவாள். நான் தபால்காரருக்காகக் காத்திருப்பேன். தபாலுக்காக இல்லை, தபால்காரருக்காக.

வற்றிப்போன குளம்

ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக ஊரில் இருக்கிற இந்துக் கோயில் கேன்டீனுக்குப் போய் தோசை சாப்பிடுவது எங்கள் குடும்ப வழக்கம். கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் தெரியும், சர்ச்சில் கொடுப்பது காபியும் டோனட்டும்தான்.

அன்றைக்குக் கொஞ்சம் குளிர். கொக்குச் சட்டையில் இருந்தேன். தோசைத் தட்டோடு ஒருத்தர் என் முன்னால் வந்து நின்றார். ஐம்பதை நெருங்கும் வயது. சீவிய தலை, இன் பண்ணிய சட்டை. கண் என் நெஞ்சுக் கொக்கின் மேல்.

"சார்… நீங்க கொக்கா?"

இந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருந்தால் இந்த வாரம் உங்களுக்கு வேறு கதை கிடைத்திருக்கும். ஆனால் பேர்லேண்டுக்கு வந்த இத்தனை நாளில் என்னிடம் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "வொய்ஃப் எங்க வர்க் பண்றாங்க?" என்னைப் பற்றி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆமா" என்றேன்.

"எந்த பேட்ச்?"

"உங்களுக்கு அப்புறம்."

"அப்ப என் ஜூனியரா! டேய்!" என்று கட்டிப்பிடித்துவிட்டார். சாம்பார் இரண்டு பேர் மேலும். அவர்தான் செல்வம். திருச்சிக்காரர். கம்ப்யூட்டர் வேலை. கொக்கு காலேஜில் எம்.எஸ். படித்தவர். படித்து முடித்த நாளிலிருந்து இன்னொரு கொக்கை அவர் நேரில் பார்த்ததே இல்லையாம்.

"ஜிம்முக்குப் பின்னாடி ஒரு குளம் இருக்குமே, அது இன்னும் இருக்கா?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "வத்திப் போச்சு சார்."

அவர் முகம் விழுந்துவிட்டது. தோசையை அப்படியே வைத்துவிட்டார். ஒரே வார்த்தையில் ஒரு குளத்தை வற்றவைத்த பாவி நான். அடுத்த ஞாயிறு முதல் வேலையாக, "சார், மழை பெஞ்சு தண்ணி வந்திருச்சாம்" என்றேன். அன்றைக்கு அவர் இரண்டு தோசை சாப்பிட்டார்.

"சார் சார்னு கூப்பிடாதய்யா. ஒரே காலேஜ் நாம" என்பார். நான் விடவில்லை. அந்த 'சார்' ஒன்றுதான் எங்களுக்கு நடுவில் நான் உண்மையாகச் சொன்ன வார்த்தை.

டாக்டர் வீட்டுச் சட்டம்

மார்ச் வந்தால் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி வரும். அப்போது இங்கே இருக்கிற நம்மவர்களைப் பார்க்க வேண்டும். ஊரில் ஜாதி கேட்பது மாதிரி இங்கே எம்.எஸ். எங்கே என்று கேட்டுப் பிரிந்து உட்காருவார்கள். படித்த காலத்தில் லேபை விட்டு வெளியே வராதவர்கள்கூட, இப்போது தொப்பையில் கல்லூரிச் சின்னத்தை மாட்டிக்கொண்டு கத்துவார்கள்.

டாக்டர் பொன்ராஜ் இதய மருத்துவர். அவர் வீட்டில்தான் கூட்டம். ஆட்ட இடைவேளையில் கூடைப்பந்துச் சரித்திரத்தில் கேள்விப் போட்டி நடத்துவார். அட்டைகளை அவரே எழுதுவார். சட்டம் இரண்டு. ஒரு கல்லூரிக்குக் குறைந்தது இரண்டு பேர் இருந்தால்தான் அணி. சொந்தக் கல்லூரியைப் பற்றிய கேள்வி வந்தால் அணியில் இளையவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

செல்வம் ஒற்றை ஆள். அதனால் ஒன்பது வருடமாக அவருக்கு அணி கிடையாது. வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் மார்க்கர் பேனாவோடு நின்று மற்றவர்களுக்கு மார்க் எழுதுவார். பாலாஜி என்று ஒருவர், டெக்சாஸிலேயே பெரிய கல்லூரி. மனைவி காயத்ரியும் அதே கல்லூரி. இரண்டு பேரும் ஒரே நிற டீ-ஷர்ட். வருடா வருடம் அவர்கள்தான் ஜெயிப்பார்கள்.

"செல்வம், உங்க காலேஜ் நெஜமாவே மேப்ல இருக்கா? இல்ல அது ஈ உக்காந்த இடமா?" என்று பாலாஜி வருடா வருடம் கேட்பாராம். எல்லோரும் வருடா வருடம் சிரிப்பார்களாம். செல்வமும் சிரித்துக்கொண்டே மார்க் எழுதுவாராம்.

இதை எல்லாம் சொல்லிவிட்டுச் செல்வம் என் கையைப் பிடித்தார். "இந்த வருஷம் நாம ரெண்டு பேர்யா."

நான் மாட்டினால் நான் மட்டும் மாட்ட மாட்டேன். இவர் மறுபடியும் மார்க்கரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அதுவும் முன்னைவிடப் பெரிய சிரிப்புக்கு நடுவில். எனக்கோ, மறுபடியும் தபால்காரர்.

ஏணி பிடித்தவன்

ஷைனியிடம் சரணடைந்தேன். காரில் பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் போனைப் பார்த்துப் படிப்பாள், நான் ஓட்டிக்கொண்டே மனப்பாடம் செய்வேன்.

"அப்பா, யூ டிடின்ட் ஈவன் கோ தேர்" என்றாள் முதல் நாள்.

"தெரியும்டி. வாசி."

அந்த ஒரு மாதத்தில் கற்றதில் பாதி எனக்கு இன்றுவரை புரியவில்லை. இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் ஒரு வாத்தியார். பீச் பழக் கூடையைச் சுவரில் உயரமாக ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். சரி. ஆனால் கூடைக்கு அடியில் ஓட்டை போடவில்லை. பந்து விழுந்தால் ஒருவர் ஏணி வைத்து ஏறி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"ஏன்டி, அடியக் கிழிச்சிருந்தா முடிஞ்சுதே?"

"ஐ டோன்ட் நோ, அப்பா. தே வேர் ஸ்மார்ட் பீப்பிள்."

இன்னொன்று. கொஞ்ச வருடம் கல்லூரி ஆட்டத்தில், எகிறிப் போய்ப் பந்தைக் கையாலேயே கூடைக்குள் அறைவதைத் தடை செய்திருக்கிறார்கள். உயரமானவன் தன்னால் முடியும் என்று தெரிந்தும் முடியாதவன் மாதிரி விளையாட வேண்டும். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. நான் அதே வேலையைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம், அந்தக் காலத்தில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் எல்லோரும் நடுவுக்கு வந்து பந்தை மேலே எறிந்து முதலிலிருந்து தொடங்குவார்களாம். பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிப்போவுக்குத் திரும்பிப் போய்விட்டு வருகிற மாதிரி. இதற்கும் காரணம் கேட்டேன். ஷைனி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

கேள்வி

சரி, சோபாவுக்கு வருகிறேன்.

போட்டி நன்றாகத்தான் போயிற்று. ஏணிக் கேள்வி வந்தது. நான் எழுந்து நின்றே சொன்னேன். தடைக் கேள்வி வந்தது, அதையும் சொன்னேன். செல்வம் என் தொடையில் அடித்த அடியில் அங்கே கன்றிப் போனது. பாலாஜிக்கு முகம் மாறியது.

"அந்தோணி, நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்றார் சாதாரணமாகக் கேட்பது போல.

முட்டை என்று வாய் வரை வந்துவிட்டது. "சப்ளை பக்கம்" என்றேன்.

"ஓ, சப்ளை செயின்" என்றார் காயத்ரி மரியாதையாக.

நாங்களும் அவர்களும் சமம். மிச்சம் அணிக்கு ஒரு கேள்வி, அவரவர் கல்லூரியைப் பற்றி. அப்போதுதான் டாக்டர் கண்ணாடியை இறக்கினார், எலும்பு என் பைக்குள் போனது.

"கொக்கு காலேஜ் ஜிம்முக்குள்ள மொத தடவ நுழையற ஸ்டூடன்ட்ஸ் எல்லாரும் வாசல்ல ஒண்ணு பண்ணுவாங்க. பல வருஷப் பழக்கம். அது என்ன?"

ஷைனி வாசித்ததில் இது இல்லை. செல்வத்தைப் பார்த்தேன். அவர் உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

யோசித்தேன். செல்வம் அந்த ஜிம்மின் தரையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரல் தாழ்ந்துவிடும். மரத்தரை. கண்ணாடி மாதிரி. முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பார். அப்படி ஓர் இடத்துக்குள் முதல் தடவை நுழைகிறவன் வாசலில் என்ன செய்வான்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"செருப்பக் கழட்டி வைப்போம்" என்றேன்.

டிவியில் ஏதோ பற்பசை விளம்பரம். அதுகூடத் தெளிவாகக் கேட்டது.

பாலாஜிதான் ஆரம்பித்தார். "செருப்பா? அந்த ஊர் ஸ்னோலயா? யோவ், நீ காலேஜுக்குப் போனியா, கல்யாண மண்டபத்துக்குப் போனியா?"

வீடே சிரித்தது. காயத்ரி சிரிக்காமல் இருக்கப் பார்த்து, ஜூஸ் மூக்கில் ஏறிவிட்டது. டாக்டர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். "வாசல்ல ஒரு வெண்கலக் கொக்கு இருக்காம். அதோட மூக்கத் தேய்ப்பாங்களாம். சாரி அந்தோணி. அது எப்படி உங்களுக்குத் தெரியாமப் போச்சு?"

டாக்டர் கடைசியாகக் கேட்ட அந்த 'எப்படி'தான் உயிரை எடுத்தது. எல்லோரும் சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள்.

செல்வம் எழுந்தார்.

"டாக்டர், ரெண்டுமே கரெக்ட்."

"அதெப்படி?"

"கொக்கு மூக்கத் தேய்க்கறது அமெரிக்கன் ஸ்டூடன்ட்ஸ். நாங்க அந்த வருஷம் அஞ்சு தமிழ்ப் பசங்க. மொத நாள் மேட்ச் பாக்கப் போனோம். வாசல்ல அந்தத் தரையப் பார்த்ததும் எவனுக்கும் கால் வைக்க மனசு வரல. ஷூவக் கழட்டி வரிசையா வெச்சிட்டு சாக்ஸோட உள்ள போனோம். முரளியோட சாக்ஸ்ல ஓட்டை. கட்டை விரல் வெளிய தெரியுது. செக்யூரிட்டிக்காரன் வந்து, யாருது இந்த ஷூவெல்லாம்னு கத்தறான். அப்புறம் வந்த நம்ம பசங்க எல்லாரும் அதையேதான் பண்ணாங்க. இவன் பேட்ச் வரைக்கும்." என் தோளில் கை வைத்தார். "இவனுக்கு அது மட்டும்தான் தெரியும். கொக்கு மூக்கெல்லாம் நாங்க தொட்டதே இல்ல."

டாக்டர் ரொம்ப நேரம் அட்டையைப் பார்த்துவிட்டு, "அரை மார்க்" என்றார். காயத்ரி தங்கள் கல்லூரிக் கேள்விக்குச் சரியாகச் சொல்லிவிட்டார். அரை மார்க்கில் தோற்றோம். மார்க்கர் பேனா அன்றைக்கு நாஷ்வில் ஊரிலிருந்து வந்திருந்த யாரோ ஒருத்தர் வீட்டு மாப்பிள்ளை கையில் இருந்தது. அவர் பலகையில் எங்கள் கல்லூரியின் பெயரை இரண்டாவது இடத்தில் எழுதியதைச் செல்வம் போனில் நாலு படம் எடுத்துக்கொண்டார்.

காரில்

திரும்பும்போது அவர் காரில்தான் வந்தேன். நல்ல வெயில். நெடுஞ்சாலையில் கூட்டம் இல்லை.

என் மண்டைக்குள்தான் கூட்டம். செல்வம் மஞ்சள் விளக்கு விழுந்தாலே வண்டியை நிறுத்துகிறவர். ஒன்பது வருடத்தில் ஒரு மார்க் கூட்டிக் குறைத்து எழுதாதவர். அவர் பொய் சொல்வாரா? சொல்லியிருந்தால் நான் யார் என்று அவருக்குத் தெரியும். பொய் இல்லை என்றால், நான் குருட்டாம்போக்கில் சொன்னது நிஜமாகவே நடந்திருக்கிறது. அவர் இன்னும் என்னைக் கொக்கு என்றே நம்புகிறார். எது மோசம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முரளியின் கட்டை விரல் வேறு வந்து வந்து போனது. இல்லாத காலுக்கு எப்படி விரல் இருக்கும்?

"சார், நெசமாவே கழட்டுனீங்களா?"

"என்னய்யா கேள்வி இது? நீயும்தான கழட்டின."

முகத்தைப் பார்த்தேன். சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். சிரிப்பு மாதிரியும் இருந்தது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியது மாதிரியும் இருந்தது.

எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற இடம் வந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"சார், நான் கொக்கு இல்ல."

அவர் வேகத்தைக் குறைத்தார்.

"பத்தாங்கிளாஸே தாண்டல சார். ரெண்டு தடவ எழுதி ரெண்டு தடவயும் கணக்குல போயிட்டேன். அந்தச் சட்ட சர்ச்சுல வாங்குனது. அந்தக் குளத்த நான் பாத்ததே இல்ல. ஒங்க பொழப்புல மண்ணள்ளிப் போடணும்னு செய்யல சார். நீங்க வந்து கேட்டிய. நான் ஆமான்னுட்டேன். அவ்ளவுதான்."

செல்வம் இண்டிகேட்டரைப் போட்டார். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தினார். ஏசியை அணைத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். ஒரு பக்கம் துடைத்து, மறுபக்கம் துடைத்து, மறுபடியும் முதல் பக்கம். பிறகு என் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"அந்தோணி, நான் ஒண்ணு சொல்லட்டுமா? இத நான் என் வொய்ஃப்கிட்டகூட…"

இருங்கள். ஸ்டெல்லா கூப்பிடுகிறாள்.

"ஏங்க! எழுதுனது போதும், வெளிய வாங்க. செல்வம் அண்ணன் வாசல்ல நிக்காரு. டாக்டர் வீட்டு லிஸ்ட்ட அவரே கொண்டு வந்திருக்காரு. இந்த வருசமும் ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் எழுதிருக்காரு."

"சரி, அப்புறம் என்னத்துக்குக் கூப்பிடுதாரு?"

"ஒங்க பேருக்கு நேரா காலேஜ்னு ஒரு கட்டம் இருக்கு. அத மட்டும் எழுதாம விட்டுருக்காரு. கொக்குன்னே போடவா வேண்டாமான்னு நீங்களே வந்து சொல்லணுமாம்."

"நீ ஏதாவது சொல்லி அனுப்பேன்."

"நான் படிச்ச நர்சிங் காலேஜத்தான் சொல்லணும். உள்ள வாங்கண்ணான்னா வர மாட்டேங்காரு. பேனாவத் தெறந்து வச்சிக்கிட்டே நிக்காரு. வாங்க."